அக்கா வீட்டுக்கு அடுத்த சந்து: புனே ஏழைகளின் வீடு மாற்றமும் உறவின் வழியும்

நகரத்து ஏழைக் குடும்பம் வீடு மாறும்போது எந்த இடத்தைத் தேடிப் போகிறது என்ற கேள்விக்கு வாடகை, வேலையிடத்தின் தொலைவு, தண்ணீர், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றையே நகரத் திட்ட அறிக்கைகள் விடையாகத் தருவது வழக்கம். இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் புனே நகரின் ஒரு குடிசைப் பகுதியில், இந்த இடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்கும்போது, அக்கா இங்கே இருந்தாள், சித்தப்பா இடம் பார்த்துச் சொன்னார், மாமியார் வீடு எதிர்ச் சந்தில்தான் என்பன போன்ற விடைகளே முந்திக்கொண்டு வரும். வாடகையும் தொலைவும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும். குறைந்த வருவாயுள்ள குடும்பம் முதலில் ஓர் உறவைத் தேர்ந்துகொண்டு, அந்த உறவு இருக்கும் இடத்துக்குள் தனக்கு இயன்ற வீட்டைத் தேடுகிறது என்ற இந்த வரிசைமுறையைப் புரிந்துகொள்ளாவிட்டால், வீட்டுவசதித் திட்டம் நல்ல சுவரும் நல்ல கூரையும் தந்த பிறகும் ஏன் தோற்றுப்போகிறது என்பது விளங்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புனே மாநகராட்சி எல்லைக்குள் 31 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். இவர்களில் ஒரு பெரும்பகுதியினரின் வாழ்விடம், மராத்தியில் 'வஸ்தி' என்றும் 'ஜோப்டபட்டி' என்றும் சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகள்தாம். பர்வதி குன்றின் அடிவாரத்தில் உள்ள ஜனதா வசாஹத், ஆற்றை ஒட்டிய பாட்டீல் எஸ்டேட், யெரவடாவின் பல சிறு நகர்கள், கல்லுடைப்போர் குடியேறிய வடார்வாடி என இவை நகரின் நடுப்பகுதியிலும் ஓரங்களிலும் பரவியிருக்கின்றன. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றி, பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி வட்டாரத்தில் ஆலைகள் பெருகியபோது வேலை தேடி ஒரு கூட்டம் வந்தது. 1972-73இல் மகாராஷ்டிரத்தை வாட்டிய கொடிய பஞ்சத்தில் மராட்வாடாவின் லாத்தூர், பீட், உஸ்மானாபாத் பகுதிகளிலிருந்தும் அண்டையிலுள்ள சோலாப்பூரிலிருந்தும் இன்னொரு கூட்டம் வந்தது. வடகருநாடகத்திலிருந்தும் தெலங்கானாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் வந்தோரும் உண்டு.

இவர்களில் பெரும்பாலோர் புனே என்ற பெருநகருக்கு வந்தார்கள் என்பதைவிட, புனேயில் இருந்த ஒரு குறிப்பிட்ட உறவினரின் வாசலுக்கு வந்தார்கள் என்பதே பொருந்தும். முன்னே வந்த ஒருவர் பின்னே வருபவருக்கு ஊர்ச்செய்தி அனுப்பி, படுக்க இடம் கொடுத்து, வேலை செய்யும் இடத்தில் அறிமுகப்படுத்தி, பிறகு அருகிலேயே ஒரு துண்டு இடம் பிடித்துக் கொடுப்பதைச் சமூகவியலாளர் சங்கிலி இடப்பெயர்ச்சி என்பர். இதன் விளைவாக ஒரு வஸ்தியின் சந்து பல நேரங்களில் ஓர் ஊரின், ஒரு சாதியின், சில சமயம் ஒரே பாட்டனாரின் வழிவந்த குடும்பங்களின் நிரையாக அமைந்துவிடுகிறது. வடார் சமூகத்தார் தமிழ்நாட்டில் ஒட்டர், போயர் எனப்படுவோரோடு தொடர்புடையவர்கள், தெலுங்கின் ஒரு கிளைமொழியை வீட்டில் பேசுபவர்கள். கூடை முடைவதைத் தொழிலாகக் கொண்டிருந்த கைகாடி சமூகத்தாரின் வீட்டுமொழியோ தமிழுக்கு மிக நெருங்கியது. மராத்தி பேசும் நகரத்துக்குள் இத்தகைய மொழிகள் தலைமுறைகள் கடந்து உயிரோடிருப்பதற்கு, அவற்றைப் பேசுவோர் ஒருவரையொருவர் விட்டு விலகாமல் குடியேறியதும் ஒரு காரணம்.

உறவு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த உறவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மராத்தியில் 'பாவ்கி' என்பது தந்தைவழி ஆண்மக்களின் கூட்டம், தமிழர் பங்காளிகள் என்பார்களே, அதற்கு இணையானது. 'சோய்ரே' என்பது பெண் கொடுத்தும் எடுத்தும் உண்டாகிய உறவு, அதாவது மாமன் மச்சான், சம்பந்தி வகை. இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்தவர் புனே டெக்கான் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மானிடவியலாளர் இராவதி கார்வே. 1953இல் வெளியான இந்திய உறவுமுறை பற்றிய அவருடைய நூல் மகாராஷ்டிரத்தை வடக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட நடுமண்டலத்தில் வைத்துப் பேசுகிறது. வடக்கில் இரத்த உறவுக்குள் மணம் செய்வது விலக்கு. தெற்கில் மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் எல்லாமே முறை. மராட்டியரிடையே மாமன் மகளை மணப்பது பல சமூகங்களில் ஏற்கப்பட்டது, அத்தை மகளை மணப்பது பொதுவாக ஏற்கப்படாதது. திருமண விதி பற்றிய செய்தியாகத் தோன்றும் இதற்குள் வீட்டின் முகவரி பற்றிய செய்தியும் இருக்கிறது. முன்பே உறவாக இருந்த குடும்பத்துக்குள் பெண் போகும்போது, அவளுடைய பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. நகரத்தில் அவை ஒரே வஸ்தியிலோ நடந்து போகும் தொலைவிலோ அமைவதற்கு வாய்ப்பு மிகுதி.

பிறந்த வீட்டை மராத்தியில் 'மாஹேர்' என்பர். முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது, நல்ல நாளுக்குச் சகோதரன் வந்து அழைப்பது போன்ற வழக்கங்களைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கிராமத்தில் மாஹேர் என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை போய்வரும் இடமாக இருந்தது. நகரத்து ஏழைப் பெண்ணுக்கு அது அன்றாடத் தேவையாக மாறிவிட்டது. காலை 6 மணிக்குத் துப்புரவுக்கோ பிறர் வீட்டு வேலைக்கோ புறப்படும் பெண், கைக்குழந்தையைத் தூக்கத்திலேயே தாயின் மடியில் விட்டுவிட்டு, பள்ளிக்குப் போகும் பெரிய பிள்ளையிடம் வீட்டுச் சாவியைப் பாட்டியிடம் கொடுக்கச் சொல்லிப் போகிறாள். பகலில் குழாயில் தண்ணீர் வந்தால் அவளுடைய நீலப் பிளாஸ்டிக் டிரம்மும் தாயின் டிரம்மோடு சேர்ந்து நிரம்புகிறது. இந்த ஏற்பாடு 5 நிமிட நடைத் தொலைவில்தான் நடக்கும். பேருந்து ஏற வேண்டிய தொலைவில் நடக்காது. காப்பகத்துக்குக் கொடுக்கக் கூலியில் மிச்சமில்லாத வீட்டில், தாயின் அண்மை என்பது ஒரு பாசம் மட்டுமன்று, அந்தப் பெண்ணின் சம்பளமே அதன்மேல்தான் நிற்கிறது. ஆகவே திருமணத்துக்குப் பின் கணவன் வழியில் குடியேறுவதே முறை என்று சொல்லப்படும் சமூகத்திலும், வறுமை மிகுந்த குடும்பங்கள் மெல்ல மனைவியின் தாய்வீட்டுப் பக்கம் நகர்வது வியப்பல்ல. கணவனால் கைவிடப்பட்ட பெண்ணை மராத்தியில் 'பரித்யக்தா' என்பர். அவளும் விதவையும் பிள்ளைகளோடு திரும்பிவரும் இடமும் அதே சந்துதான்.

வேலையும் இதே வழியில்தான் கைமாறுகிறது. 1980இல் புனே வீட்டு வேலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து தங்களுக்கெனச் சங்கம் கண்டனர். 1993இல் குப்பை பொறுக்குவோர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற அமைப்பாகத் திரண்டனர். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றைச் சேகரிக்கும் உழைப்பாளர் மன்றம் என்பது அப்பெயரின் பொருள்; பின்னர் அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிறது. இந்த இரு தொழில்களிலும் 'பத்லி' என்ற சொல் முக்கியமானது. தமிழ்நாட்டு ஆலைகளில் பதிலி என்று வழங்கிய அதே சொல்தான் அது. ஒருத்தி நோயில் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ அவள் வேலை செய்யும் வீடுகளுக்குத் தங்கையோ மருமகளோ பத்லியாகப் போய் நிற்காவிட்டால் அந்த வீடுகள் கைவிட்டுப் போய்விடும். பத்லிக்கு ஆள் வேண்டுமானால் அந்த ஆள் அருகில் இருக்க வேண்டும். பணத்துக்கும் இதுவே விதி: 'பிஷி' எனப்படும் மாதச் சீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவும், வாடகை வீட்டுக்கு முன்பணம் புரட்டவும், பிணை சொல்லவும் தெரிந்த முகம் தேவை, வங்கி கேட்கும் ஆவணங்களின் இடத்தில் இங்கே உறவு நிற்கிறது.

இத்தனை தேவைகளும் ஒரே சந்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் வஸ்தி வீடு பக்கவாட்டில் வளர இடமின்றி மேலே வளர்கிறது. கீழே 10 அடிக்கு 12 அடி அறை ஒன்றில் பெற்றோர். உள்ளே பலகையோ தகரமோ பரப்பிய 'போட்மாளா' என்னும் பரண். வெளிச்சுவரை ஒட்டி ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்திய இரும்பு ஏணி. அதன் உச்சியில் மூத்த மகனும் மருமகளும் வாழும் தகரக்கூரை அறை. ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த ஏணியில் இறங்கிவரும் மருமகள் தனி அடுப்பு வைத்திருப்பாள், தனி ரேஷன் அட்டை கேட்டு விண்ணப்பித்திருப்பாள், ஆனால் அரிசி தீர்ந்த நாளில் கீழ் அறையின் டப்பாவைத் திறக்க அவளுக்கு அனுமதி வேண்டியதில்லை. இது ஒரு குடும்பமா இரண்டு குடும்பமா என்று கேட்டால், அங்கு வாழ்வோருக்கு அக்கேள்வி பொருளற்றது. அரசின் கணக்கெடுப்புக்கோ ஒரே விடைதான் உண்டு: தரையில் எத்தனை கதவு என்பதே எண்ணிக்கை.

மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் 1971இல் வந்தது. புனேக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்கும் தனியாகக் குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம் 2005இல் அமைந்தது. தனியார் கட்டுநர் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பி, குடிசைவாசிக்கு ஒரு வீட்டை இலவசமாகத் தந்து, மிகுந்த கட்டட உரிமையை விற்று ஆதாயம் அடைவது இந்த ஆணையத்தின் வழிமுறை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்ததற்குச் சான்று காட்டுவோர் இலவச வீட்டுக்கு உரியவர். அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தோருக்கு விலை கொடுத்து வாங்கும் வாய்ப்பு 2018இல் திறந்தது. ஏணிக்கு மேலே இருக்கும் மகன் பொதுவாக இந்தக் கணக்கில் வருவதில்லை. கீழ்க்கதவுக்குக் கிடைக்கும் ஒரே சிறு வீட்டில் இரண்டு அடுப்புகளும் அடங்காமல் அவன் வாடகை வீடு தேடி நகரின் ஓரத்துக்குப் போக நேர்கிறது. வீடு கிடைத்த குடும்பம், வீடு கிடைத்ததனாலேயே இரண்டாக உடைகிறது. சான்று காக்க வேண்டும் என்பதற்காக முதிய பெற்றோரைப் பழைய குடிசையில் விட்டுவிட்டு இளையவர்கள் வேறிடம் போவதும் இந்த விதிகளின் விளைவுதான்.

அதைவிடப் பெரிய பிளவு குலுக்கலில் நேர்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்த மாடியில் எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது பாரபட்சத்தைத் தவிர்க்கும் நேர்மையான முறை என்பதில் ஐயமில்லை. வேண்டியவருக்கு நல்ல வீடு என்ற பழைய கொடுமைக்கு அது தடை. ஆனால் குலுக்கலின் நேர்மைக்கு உறவு கண்ணில் படாது. எதிரெதிர் வாசலில் இருந்த அக்காளும் தங்கையும் வெவ்வேறு கட்டடங்களில் விழுகிறார்கள். இடமே மாறும்போது நிலைமை இன்னும் கடுமை. சிவாஜிநகர்ப் பகுதியில் மெட்ரோ ரயில் பணிக்காகக் காம்கார் புத்லா வஸ்தி அகற்றப்பட்டபோது அங்கிருந்தோருக்கு விமான் நகர், ஹடப்சர் முதலிய இடங்களில் வீடு ஒதுக்கப்பட்டது. விமான் நகர் நகரின் வடகிழக்கில், ஹடப்சர் தென்கிழக்கில். ஒரே ஆற்றங்கரையில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இடையே இப்போது நகரத்தின் ஒரு பாதி கிடக்கிறது.

இத்தகைய இழப்பை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று அகமதாபாத்தில் நடந்தது. 1987இல் அங்கே பெண் தொழிலாளருக்குக் குலுக்கல் முறையில் நகரின் ஓரத்தில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. 14 ஆண்டுகள் கழித்து, குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஷாரன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே என்னும் பொருளியலாளர்கள் ஒப்பிட்டனர். வென்றவர்களில் 34 சதவீதத்தினர் அந்த வீட்டுக்குக் குடிபோகவே இல்லை. 32 சதவீதத்தினர் போய்ப் பிறகு வெளியேறிவிட்டனர். வென்ற குடும்பங்களின் வருமானத்திலோ பிள்ளைகளின் நிலையிலோ தோற்றவர்களைவிட முன்னேற்றம் தென்படவில்லை. உறவிலிருந்தும் சாதிச் சுற்றத்திலிருந்தும் விலகி நிற்கும் உணர்வும், இடரில் கைகொடுக்க ஆளில்லாத நிலையும் கூடியிருந்தன. கிடைத்த வீட்டை மூன்றில் இரண்டு பங்கினர் விட்டுவிட்டார்கள் என்பதை அறியாமை என்றோ நன்றியின்மை என்றோ சொல்லிக் கடந்துபோக முடியாது. லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீன் தொழிலாளர்கள் புறநகர்க் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டபோது, தாய்க்கும் மணமான மகளுக்கும் இடையிலான அன்றாடப் போக்குவரத்து அறுந்துபோனதை மைக்கேல் யங், பீட்டர் வில்மட் இருவரும் 1957இல் எழுதினர். சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டவர்களின் முறையீடுகளிலும் வேலை இழப்பின் பக்கத்திலேயே இந்தக் குறையும் எழுவதைத் தமிழ் வாசகர் அறிவர்.

உறவின் அண்மையை நன்மை என்று மட்டும் எழுதிவிடுவது உண்மைக்கு மாறானது. அது வேண்டிப் பெற்ற அண்மையாக எல்லா நேரமும் இருப்பதில்லை. தலித் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் அறிமுகமற்ற வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இடம் கேட்டால் மறுக்கப்படும் நகரத்தில், தன்னவர் இருக்கும் சந்தைத் தவிர வேறு வழி அவர்களுக்கு விடப்படவில்லை என்பதும் இந்தச் சேர்ந்து வாழ்தலுக்கு ஒரு பெருங்காரணம். அதைப் பண்பாடு என்று புகழ்ந்து நிறுத்திக்கொள்வது அநீதியை மறைப்பதாகும். சாதி மறுத்து மணந்தவர்களுக்கு அந்தச் சந்து அடைபட்ட சந்து. எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று பங்காளிகளின் கண்கள் ஒவ்வொரு வாசலிலும் காத்திருக்கும்போது இளம்பெண்ணுக்கு அது மூச்சு முட்டும் இடம். உறவு எதுவுமின்றி ஒப்பந்தக்காரரோடு வந்து, ஹிஞ்ச்வடி, வாகோலி பக்கத்துக் கட்டுமான இடங்களின் தகரக் கொட்டகைகளில் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கோ, கூலி நின்ற மாதத்தில் தட்டுவதற்கு ஒரு கதவுகூட இல்லை.

இவற்றையெல்லாம் கருதிப் பார்க்கும்போது யெரவடாவில் நடந்த முயற்சிக்குத் தனி மதிப்பு உண்டு.  2005இல் மத்திய அரசு தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டத்தின் கீழ், ஏழைகளின் அடிப்படை வசதிக்கென ஒதுக்கிய பகுதியைக்கொண்டு, மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பும் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் மாநகராட்சியோடு இணைந்து அங்குள்ள சில வஸ்திகளில் மக்களை அகற்றாமலே வீடு கட்டின. கட்டடக் கலைஞர் பிரசன்ன தேசாய் வடிவமைப்பில் ஈடுபட்டார். ஏற்கெனவே உறுதியாகக் கட்டப்பட்டிருந்த வீடுகளைத் தொடாமல், தகரத்தாலும் மண்ணாலும் நின்றவற்றை மட்டும் பிரித்து, அதே இடத்தில் சுமார் 270 சதுர அடி வீடுகள் எழுப்பப்பட்டன. செலவில் 10 சதவீதம் குடும்பத்தின் பங்கு. சந்துகள் வளைந்தபடியே இருந்தன. மிகச் சிறிய இடம் வைத்திருந்த அண்டை வீட்டார் சிலர் தம் இடங்களை ஒன்றுசேர்த்து, ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு குடும்பமாக ஏறிக்கொண்டனர். யார் யாரோடு சுவரைப் பகிர்ந்துகொள்வது என்பதைச் சீட்டு தீர்மானிக்கவில்லை, அவர்களே தீர்மானித்தார்கள்.

அந்தத் திட்டமும் குறையற்றதன்று. தாமதங்களும் மனக்கசப்புகளும் இருந்தன. குறிப்பாக, பழைய வீட்டைப் பிரித்த நாளிலிருந்து புதிய வீடு முடியும் வரை எங்கே தங்குவது என்பதைக் குடும்பங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாடகை கொடுக்க முடிந்தவர் அருகிலேயே அறை எடுத்தனர். மற்றவருக்குப் பக்கத்துச் சந்தின் உறவினர் வீடே புகலிடம். பாத்திர மூட்டையும் பாயும் அக்கா வீட்டுப் பரணுக்கு ஏறின. கட்டுமானக் காலத்துத் தங்குமிடம் என்ற பெருஞ்செலவை உறவு ஏற்றுக்கொண்டதால்தான் அரசின் பணம் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போதுமானதாக இருந்தது.

எல்லா வஸ்திகளையும் இருந்த இடத்திலேயே புதுக்க இயலாது. ஆற்றின் வெள்ளப் படுகையிலும் சரியும் குன்றுச் சரிவிலும் இருப்போர் நகர்ந்துதான் ஆக வேண்டும். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து முத்தா ஆறு ஊருக்குள் புகுந்ததை மறக்காத நகரம் அது. ஆனால் நகர்த்தும் முறையில் செய்யக்கூடியது உண்டு. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நெறிமுறை, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரைத்தள வீடுகளில் முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆகவே குலுக்கலுக்கு விதிவிலக்கே கூடாது என்று யாரும் வாதிட முடியாது. இன்று அந்த முன்னுரிமை தாயைத் தரைத்தளத்தில் அமர்த்திவிட்டு, அவளுக்கு இரவுச் சோறு கொண்டுவரும் மகளைப் பதினோராவது மாடிக்கோ வேறு கட்டடத்துக்கோ அனுப்பிவிடக்கூடும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் பதிவுசெய்துகொள்ளவும், சீட்டு அந்தக் குழுவின் பெயரில் எடுக்கப்பட்டு அடுத்தடுத்த கதவுகள் ஒதுக்கப்படவும், தனியே போக விரும்பும் பெண்ணுக்குத் தன் பெயரில் தனிச்சீட்டு எடுக்கும் உரிமை மாறாமல் இருக்கவும் வழி செய்வதற்கு ஒரு சதுர அடி நிலம்கூட அதிகம் தேவையில்லை; விண்ணப்பப் படிவத்தில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும், அவ்வளவே.